சீகிரியாவும் ஒரு வன்னிக் குடும்பமும்

மலைமீது அழிந்து கிடக்கும் பழைய நகரங்களுள் உலகோர் நாவில் பெரிதும் அடிபடுவது தென்னமெரிக்காவில் பெரு நாட்டிலுள்ள மச்சு பிச்சு ஆகும். இன்கா மன்னர்கள் கி.பி. 15 ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில், அந்தீசு மலைத்தொடரின் முதுகொன்றிலே அமைந்துள்ளது. ஒரு நூற்றாண்டு காலமே மக்கள் அதில் வாழ்ந்தனர். பின்னர் காடு மூடிக்கொண்டது. 1911 ஆம் ஆண்டில் ஹைரம் பிங்கம் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் கூறும். ஆனால், அவர் மலையேறிய அன்று அங்கே உழவர் குடும்பங்கள் சில குடியிருந்தன. இன்காக்கள் வெட்டிய படிவயல்களைத் திருத்தி அவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தனர். இடிபாடுகளுக்கு இடையே அவரை அழைத்துச் சென்றவனும் அங்கு வாழ்ந்த ஒரு சிறுவனே. உலகுக்கு அது தொலைந்துபோன நகரம். அவ்வுழவர்களுக்கோ வீட்டுத் தோட்டம்.

இலங்கையில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது சீகிரியா. உயரத்தில் மச்சு பிச்சுவுக்கு அது ஈடாகாது; வயதில் ஆயிரம் ஆண்டு மூத்தது. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், காடும் குளமும் வயலுமாகக் கிடக்கும் சமவெளியின் நடுவே, ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை அது. யுனெஸ்கோ நிறுவனம் 1982 இல் சீகிரியாவையும், அடுத்த ஆண்டில் மச்சு பிச்சுவையும் உலக மரபுரிமைச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது.

வன்னி நிலத்துக்கு இப்பாறை தொலைவன்று. கண்டி வீதி என்று வன்னி மக்கள் வழங்கும் ஏ-9 நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்று, தம்புள்ளையை அணுகிக் கிழக்கே திரும்பினால் அரை நாளில் எட்டிவிடலாம். எனினும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சீகிரியா பாடநூற் படமாகவே இருந்துவிட்டது. பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்த அவ்வீதி 2002 இல் திறந்தது. 2006 ஆகத்தில் மீண்டும் மூடுண்டது. போர் 2009 இல் ஓய்ந்த பின்னரே வன்னிக் குடும்பங்கள், மருத்துவமனைக்கோ கச்சேரிக்கோ அன்றி, வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஓமந்தையைத் தாண்டிச் செல்லத் தொடங்கின.

அவ்வாறு 2012 ஆம் ஆண்டு ஆகத்து விடுமுறையிற் புறப்பட்ட குடும்பம் ஒன்றின் கதை கேட்கத் தக்கது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த கமக்காரக் குடும்பம் அது. தந்தை, தாய், பதினான்கு வயது மகள், பத்து வயது மகன், தந்தையின் தாயாகிய அப்பாச்சி என ஐவர். 2008 இன் இறுதியில் வீட்டை விட்டு வெளியேறி, இடம் இடமாகப் பெயர்ந்து, செட்டிகுளத்து முகாமில் நாட் கழித்து, 2010 இல் ஊர் திரும்பியவர்கள். திரும்பியபோது வீட்டுக்குச் சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. சிறுபோகத்தில் இரணைமடு நீர் எல்லாக் காணிகளுக்கும் போதாது, முறைவைத்தே பங்கிடப்படும். அவ்வாண்டு அவர்களுடைய வயலுக்கு முறை வரவில்லை. வேலையற்ற அம்மாதத்தில், அயல் வீட்டார் சிலரோடு செலவைப் பகிர்ந்து, ஒரு வாடகை வண்டியை அமர்த்தி, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு விடியற்காலையிற் புறப்பட்டனர்.

சீகிரியாவின் மேற்கு வாயிலில் அகழியைக் கடந்து உள்ளே சென்றதும் முதலிற் கண்ணிற் படுவது பாறையன்று. முழங்காலளவு உயர்ந்து நிற்கும் செங்கற் சுவர்களின் அடிவரிசைகளே. கூரையில்லை, கதவில்லை, நிலையில்லை. அவற்றைக் கண்ட சிறுவன் தந்தையின் கையைப் பிடித்து, "அப்பா, இதுக்கும் செல் விழுந்ததோ?" என்று கேட்டான்.

தமக்கை சிரித்தாள். தந்தை சிரிக்கவில்லை. அப்பிள்ளை அறிந்த கட்டடங்கள் இரு வகையின: கூரை உள்ளவை, செல் விழுந்தவை. மூன்றாவது வகை ஒன்று உண்டென்பதை அவனுக்கு யாரும் காட்டியதில்லை. போர் ஓய்ந்த பின் கிளிநொச்சி நகரில், கண்டி வீதியோரமாக, அடியோடு சாய்க்கப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று பல்லாண்டுகள் விழுந்தபடியே கிடந்ததை நேயர்கள் பலர் கண்டிருப்பர். தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்தோர் அதன் முன் நின்று படம் எடுத்துச் சென்றனர். பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து வளர்ந்தவன் அச்சிறுவன். இடிபாடு என்பது பிறர் வந்து பார்த்துச் செல்லும் தன் ஊர் என்றே அவன் எண்ணியிருந்தால் அது வியப்பாகாது.

"இல்லை ராசா, இது செல் விழுந்ததில்லை. ஆக்கள் விட்டிட்டுப் போன இடம்" என்றார் தாய்.

"விட்டிட்டுப் போனவை ஏன் திரும்பி வரேல்லை?"

இரண்டாம் கேள்வி முதற் கேள்வியினும் கடினமானது. அதற்கு விடை சொல்ல வேண்டுமாயின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்டவன் தாதுசேனன். பட்டத்தரசியின் மகன் மொக்கல்லானன். குலத்தால் தாழ்ந்த மனைவியின் மகன் காசியப்பன். காசியப்பன் படைத்தலைவனோடு சேர்ந்து தந்தையைச் சிறைப்பிடித்துக் கொன்று, 477 அளவில் அரியணை ஏறினான். மொக்கல்லானன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். தம்பி என்றேனும் திரும்பி வருவான் என்ற அச்சத்தினாலேயே காசியப்பன் இப்பாறைமேற் கோட்டை கட்டினான் என்பது சூளவம்சத்தின் கூற்று. அந்நூலை எழுதியோர் துறவிகள். தந்தையைக் கொன்றவன்பால் அவர்களுக்கு இரக்கம் இருந்திருக்க நியாயமில்லை. காசியப்பன் தன்னைக் குபேரனாகக் கருதி, அளகாபுரியைப் போல மண்ணில் ஒன்றை அமைக்க முயன்றான் என்று அறிஞர் செனரத் பரணவிதான வேறொரு கருத்தை முன்வைத்தார். எது எவ்வாறாயினும், பதினெட்டு ஆண்டுகளே அவன் அங்கிருந்து ஆண்டான். 495 அளவில் மொக்கல்லானன் படையோடு திரும்பினான். போர்க்களத்தில் சேறு கண்டு காசியப்பனின் யானை விலகித் திரும்ப, அரசன் புறங்காட்டுகிறான் என்று நினைத்துச் சேனை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு மடிந்தான். வென்றவன் தலைநகரை அநுராதபுரத்துக்கே மாற்றி, பாறையைத் துறவிகளுக்கு ஈந்தான். காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்குள்ள குகைகளிற் பௌத்த துறவிகள் வாழ்ந்தமைக்குக் கல்வெட்டுகள் சான்று. ஆகவே இடம் பழைய குடிகளிடமே திரும்பிச் சேர்ந்தது எனலாம். அரசகுடும்பம் திரும்பவில்லை; அதற்குத் திரும்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இவ்வளவையும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க அத்தந்தையால் இயலவில்லை. "அவைக்கு வேற வீடு இருந்தது" என்று மட்டும் சொன்னார். அதைவிடச் சுருக்கமாக ஒரு வரலாற்றாசிரியனும் சொல்லியிருக்க மாட்டான்.

சீகிரியாவுக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் பாறையை நோக்கியே விரைகின்றனர். கீழே கிடக்கும் நீர்ப்பூங்காக்களை அவர்கள் கவனிப்பது அரிது. இது பெருங்குறை. அவ்விடத்தின் உண்மையான அதிசயம் ஓவியமுமன்று, உச்சியுமன்று, நீரே. நடுவிலே தீவொன்றை விட்டு நாற்புறமும் தடாகங்கள் அமைந்துள்ளன. அவற்றுக்கு அப்பால் பளிங்குபோல் வழித்த கால்வாய்களும், வளைந்து ஓடும் ஆழமற்ற ஓடைகளும் உள்ளன. அவ்வோடைகளின் ஓரத்தில் வட்டமான சுண்ணக்கற் பலகைகள் சில பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிறு துளைகள். இவை 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நீரூற்றுகள். மாரிமழை நன்கு பெய்யுங்காலத்தில் இன்றும் இவற்றிலிருந்து நீர் எழுகின்றது. பொறியில்லை, இயந்திரமில்லை. உயரத்தில் தேக்கிய நீர் நிலத்தின் கீழ் அமைந்த கால்வழியே தாழ இறங்கி, தன் மட்டத்தைத் தேடி மேலெழும் இயல்பு ஒன்றையே அக்காலத்துத் தச்சர் பயன்படுத்தினர்.

ஆகத்து மாதமாதலால் ஊற்றுகள் வறண்டு கிடந்தன. தந்தை குந்தியிருந்து துளைகளில் விரலை வைத்துப் பார்த்தார். பௌதிகம் படித்தவரல்லர் அவர். ஆனால் எட்டாவது வயதிலிருந்து வாய்க்கால் கட்டித் திறந்தவர். "குளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவ்வளவில் அவர் கணக்கைப் பிடித்துவிட்டார். பாறையின் தெற்கே சீகிரி மகாவெவ என்ற பழைய குளம் உண்டென்று அறிந்ததும் எழுந்து நின்று, நிலத்தின் சரிவைக் கண்ணால் அளந்தார். பிள்ளைகள் "மேலே போவோம்" என்று இழுக்க, அவர் கால்மணி நேரம் அங்கேயே நின்றார். முழங்கால் வலியுள்ள அப்பாச்சி மரநிழலில் தங்கிவிட, ஏனையோர் ஏறத் தொடங்கினர்.

பாறையின் இடுப்பில் ஒரு குடைவினுள்ளே உலகப் புகழ் பெற்ற பெண்ணோவியங்கள் உள்ளன. இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியிருக்கின்றன. 1967 இல் எவரோ அவற்றின்மேற் பச்சை வண்ணத்தை அப்பிச் சிதைக்க, இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து அரிதின் முயன்று மீட்டார். ஓவியங்களுக்குக் கீழே செல்வது கண்ணாடிச் சுவர். பளபளப்பாகச் சாந்து பூசிய அச்சுவரிலே, அரசனின் காலத்துக்குப் பிந்திய பல நூற்றாண்டுகளில் அங்கு வந்து பார்த்துச் சென்றோர் தம் உள்ளத்தில் எழுந்ததைக் கவிதையாகக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான படித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். எழுதியோரிற் பலர் தம் பெயரையும் ஊரையும் குறித்துள்ளனர், பெண்களும் எழுதியுள்ளனர். சிங்கள மொழியின் பழைய கவிதைக்கு அச்சுவர் ஓர் ஏடு.

இதனைக் கேட்ட மகளின் முகம் மலர்ந்தது. "அப்பவும் சனம் பாக்க வந்ததோ? பொம்பிளையளும் எழுதினவையோ?" என்று தாயிடம் கேட்டாள். வேடிக்கை பார்க்கப் போவது இக்காலத்துப் பழக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி இதே படிகளில் மூச்சு வாங்க ஏறி, இதே ஓவியங்களைப் பார்த்து, ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் என்பது அவளுக்குப் பாடநூல் தராத செய்தி. சட்டைப் பையிற் பேனா இருந்தது. சுவரில் அன்று, கொப்பியிலே எழுதிக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகளின் பின், 2015 இல், அதே சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம் பெண்ணுக்கு நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்ததும், பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் அவள் விடுதலையானதும் நாடறிந்த செய்தி. பழையோர் கீறியது செல்வம், புதியோர் கீறுவது குற்றம் என்னும் முரண்பாடு இளையோருக்குத் தானாக விளங்காது. கீறல்கள் நிறைந்த சுவரில் இன்னொரு கீறல் வெறும் விளையாட்டாகவே தோன்றும். பழைய எழுத்தை அது அழிக்கின்றது என்பதைப் பள்ளிக்கூடம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். சட்டம் பிழையன்று. ஆனால் படிப்பித்த பின்னர் தண்டிப்பதே முறை.

வடபுறத்து மேடையில், 1890களில் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் மண்ணகற்றி வெளிப்படுத்திய இரு சிங்கப் பாதங்களுக்கு இடையே படி ஏறுகின்றது. ஒரு காலத்தில் சிங்கத்தின் வாய்வழியே உச்சிக்குச் சென்றனர். இன்று இரும்புப் படிகளே துணை. குளவிக்குப் பயந்து அனைவரும் வாய் பொத்தி ஏறினர். உச்சியில் அரண்மனையின் அடித்தளங்களும், பாறையிற் குடைந்த பெரிய தடாகம் ஒன்றும் உள்ளன. கடும் வெயிலிலும் அதில் நீர் நின்றது. நாற்புறமும் காடு, காட்டினிடையே ஆங்காங்கு குளங்கள் மின்னின. சிறுவன் எண்ணத் தொடங்கி ஐந்தில் நிறுத்தினான். தந்தை, "இன்னும் இருக்கு, வடிவாப் பார்" என்றார்.

இங்கே ஒன்று கூறுதல் தகும். வன்னிப் பாடசாலைகளின் சுற்றுலாக்கள் சீகிரியாவுக்கும் கண்டிக்கும் செல்கின்றன, செல்லவும் வேண்டும். ஆனால் தம் ஊர்க் காட்டினுள்ளே கிடப்பதைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டினால், உடைந்த குளக்கட்டுகளும் கற்றூண்களும் இந்நிலமெங்கும் சிதறிக் கிடந்தமை தெரியவரும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலில் வவுனிக்குளத்தை ஆராய்ந்து, இலங்கையின் மிகப் பழைய பெருங்குளங்களுள் ஒன்றாக அதை வைத்தார். காடு மண்டிக் கிடந்த அக்குளம் 1950களிற் புதுக்கப்பட்டது. குடியேறிய மக்கள் வயல் திருத்தினர். இன்று மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை அதன் கட்டில் மிதிவண்டி ஓட்டுகிறான். தான் ஓட்டுவது ஒரு தொல்பொருளின்மேல் என்பதை அறியான். மச்சு பிச்சுவில் தோட்டஞ் செய்த உழவர்களின் நிலையும் இதுவே. கட்டு உடைந்தால் அதன் கீழுள்ள நிலத்துக்கு என்ன நேரும் என்பதை மட்டும் வன்னியார் அறிவர். 2009 தை மாதத்தில், போரின் நடுவே, கல்மடுக் குளத்தின் கட்டு தகர்க்கப்பட்டபோது அதைக் கண்ணாற் கண்டோர் இன்றும் உளர்.

திரும்பும் வழியில், கெக்கிராவையில் வண்டியை மேற்கே திருப்பச் சொன்னவர் தந்தை. சாரதிக்கு விருப்பமில்லை, இருட்டிவிடும் என்றார். ஆயினும் அப்பாச்சியும் மகனுடைய பக்கம் நின்றமையால் கலாவெவவுக்குப் போயினர்.

கலாவெவ தாதுசேனன் கட்டிய குளம். ஐந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்ட கட்டு. அதிலிருந்து புறப்படும் ஜயகங்கை என்னும் கால்வாய் 87 கிலோமீற்றர் ஓடி அநுராதபுரத்தின் திசாவெவவை அடைகின்றது. நெடுங்காலம் உடைந்து கிடந்த கட்டை 1880களில் பிரித்தானிய ஆட்சியினர் புதுக்கினர். 1976 முதல் மகாவலி நீரும் அதனுள் வந்து சேர்கின்றது.

சிறையிலிருந்த தாதுசேனனிடம், ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று காசியப்பன் ஆளனுப்பிக் கேட்டான் என்று சூளவம்சம் கூறும். கலாவெவவுக்குக் கொண்டு சென்றால் காட்டுவதாகக் கிழவர் சொன்னார். வழியிலே தேரோட்டி தான் தின்ற வறுத்த தானியத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தான். அரசர் மகிழ்ந்து உண்டார். குளத்தில் இறங்கி நீராடி, கையால் நீரை அள்ளிக் காட்டி, தமக்குள்ள செல்வம் அனைத்தும் இதுவே என்றார். அதைக் கேட்டுச் சினந்தே அவரை உயிரோடு சுவரில் வைத்துப் பூசினர். இதே அரசர் கட்டு எழுப்பிய காலத்தில், தியானத்தில் இருந்த துறவி ஒருவரை எழுப்ப இயலாது மண்ணால் மூடினார் என்றும், அவ்வினையே அவரைச் சூழ்ந்தது என்றும் அந்நூல் சேர்த்துச் சொல்லும். அணை கட்டியவர் என்பதற்காக அவரைக் குற்றமற்றவராக்கிவிடவில்லை பழைய ஆசிரியர். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

தாய் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, தந்தை துருசைத் தேடிப் போய்விட்டார். அங்கே மிதிவண்டியை நிறுத்திவிட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்களக் கமக்காரர் ஒருவரைச் சந்தித்தார். தந்தைக்குச் சிங்களம் பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும். மற்றவருக்குத் தமிழ் அதனினும் குறைவு. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்த மகளை அழைத்தனர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் விட்டார்கள், கூட்டத்தில் யார் முடிவு செய்வது, வாற்கட்டுக் காணிக்கு நீர் எட்டுகிறதா என்று தந்தை கேட்டார். வாற்கட்டு என்ற சொல்லுக்குச் சிங்களம் அவளுக்குத் தெரியவில்லை. குச்சியால் மண்ணில் வாய்க்கால் கீறிக் கடைசி வயலைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி, கையை விரித்து, இல்லை என்றார். "எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றார் தந்தை. அதை அவள் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அப்பாச்சி படியில் மெல்ல இறங்கி, கால் கழுவி, முகம் அலம்பி, ஒரு கை நீர் குடித்துப் பார்த்தாள். இரணைமடுத் தண்ணீரைவிடச் சற்றே கனம் என்றாள். சாரதி இரண்டாம் முறையாக ஒலிப்பானை அழுத்தினார்.